கால்கள் இரண்டு, நல்ல நிலையில்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு ஜாபர் அலி ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் ஆடினான். ஒரு கோல் கூடப் போடவில்லை. அதற்கு முந்தைய ஒன்பது ஞாயிறுகளில் பதினான்கு கோல் போட்டவன் அவன். பீங்கான் கம்பெனியின் கிளார்க் கோதண்டபாணி இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, கழித்துப் பார்த்து, விடை பதினான்கு என்று வந்ததும் தாளைச் சுருட்டி எறிந்தார்.

விருத்தாசலத்தில் இதற்குக் காரணம் தெரியாத ஆள் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜங்ஷன் டீக்கடையில் கண் பட்டுவிட்டது என்றார்கள். பாலக்கரையில் கொழுப்பு என்றார்கள். கடைவீதியில் ஒரு ஜவுளிக்காரர், எதிர் டீமான பாண்டிச்சேரிக்காரர்கள் எலுமிச்சம்பழத்தில் ஏதோ வைத்துக் கோல் கம்பத்தடியில் புதைத்துவிட்டார்கள் என்று சத்தியம் செய்தார். இரண்டு பேர் மண்வெட்டியோடு போய்த் தோண்டியும் பார்த்தார்கள். ஒரு பழைய ஃப்யூஸ் கட்டை கிடைத்தது. அதையே மந்திரித்ததாக வைத்துக்கொண்டார்கள்.

இந்த விவகாரத்தில் கோதண்டபாணியின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது. தை மாதம் ஹெட் கிளார்க் ரிட்டையர் ஆனதிலிருந்து அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. கை வைத்த நாற்காலி, பிரம்பு பின்னியது, மேலே ஒரு சிறு மெத்தை. பக்கத்திலேயே முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, ஹெட் கிளார்க் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார் கோதண்டபாணி. அவரை ஹெட் கிளார்க்காக நியமிக்கும் ஆர்டரை அவரே டைப் அடித்து மானேஜர் தனக்கோடியிடம் கொடுத்து நான்கு மாதமாகிறது. அது மானேஜர் மேஜையின் வலது இழுப்பறையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"ஷீல்டு வரட்டும் கோதண்டபாணி, அன்னிக்கே போட்டுடறேன்" என்று மானேஜர் சொல்லியிருந்தார்.

ஷீல்டு என்பது மணிமுத்தாறு கேடயம். வருஷா வருஷம் பாண்டிச்சேரி மில் டீம் அதை ரயிலேற்றிக்கொண்டு போய்விடும். மானேஜர் தனக்கோடி கம்பெனி முதலாளியின் மருமகன். மாமனாரிடம் காட்ட அவருக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. ஊறுகாய் ஜாடியும் ஃப்யூஸ் கட்டையும் அவர் வருவதற்கு முன்பிருந்தே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் ஷீல்டைப் பிடித்துக்கொண்டார்.

ஜாபர் அலி அப்போது மண் மிதிக்கிற தொட்டியில் தினக்கூலி. காலை ஏழு மணிக்குக் கேட்டில் நூறு பேர் நிற்பார்கள்; மேஸ்திரி கோவிந்தசாமி கையில் ஒரு குச்சியோடு வந்து, தேவையான நாற்பது பேரைத் தோளில் தொட்டு உள்ளே அனுப்புவார். தொடாதவர்கள் திரும்பிப் போகவேண்டியதுதான். கேட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி டீமுக்குக் கோல் போட்டவனை மேஸ்திரி திங்கட்கிழமை முதலில் தொடுவார். ஜாபர் அலி பதினான்கு கோல் போட்டான். வெறுங்காலில், கணுக்காலுக்கு மட்டும் ஒரு துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, எதிரே வருகிறவன் ஆளா சுவரா என்று பார்க்காமல் மோதிக்கொண்டு போவான்.

பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் வெள்ளை பேண்ட்டும் குளிர்க்கண்ணாடியுமாக வந்து, இரண்டு ஞாயிறு வேலியோரம் நின்று அவனைப் பார்த்துவிட்டுப் போனார். செய்தி மானேஜர் காதுக்கு எட்டியது.

"அவனைக் கட்டிப் போடணும் கோதண்டபாணி. மூணு வருஷம் ஒப்பந்தம். முடிஞ்சதும் பர்மனென்ட். இன்னிக்கு சாயங்காலம் பத்திரம் ரெடியா இருக்கணும்."

"என்ன வேலைன்னு போடறதுங்க?"

"ஸ்போர்ட்ஸ் அட்டெண்டர்னு போடுங்க. என் ரூம் வாசல்ல உக்காரட்டும். மண்ணுல எல்லாம் அவன் கால் வெக்கக் கூடாது."

மணி அப்போது மூன்று. கால்பந்தாட்டக்காரனுக்கு ஒப்பந்தம் எழுதுவது எப்படி என்று விருத்தாசலத்தில் யாரும் அதுவரை யோசித்ததில்லை. கோதண்டபாணி ஃபைல்களைப் புரட்டினார். கம்பெனி ஒருவரிடம் ஒன்றை நம்பி ஒப்படைத்து எழுதி வாங்கிய பத்திரம் ஒன்றே ஒன்று இருந்தது. வசூல் பையனுக்குக் கம்பெனி சைக்கிள் கொடுத்தபோது பழைய ஹெட் கிளார்க் எழுதியது. அழகான தமிழ். ஓட்டையே இல்லாத வாசகங்கள். கோதண்டபாணி அதை டைப்ரைட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, 'சைக்கிள்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'கால்கள்' என்று அடித்தார். ஐந்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. தன் சமயோசிதத்தை நினைத்து அன்று இரவு முழுவதும் அவருக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு அதை மறந்தும் போனார்.

ஜாபர் அலி "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்துக் கையெழுத்துப் போட்டான். கோதண்டபாணி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மானேஜர் மைசூர்பாகு கொடுத்தார்.

அன்றோடு கோல் நின்றது.

பைனலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, மானேஜர் கோதண்டபாணியைக் கூப்பிட்டார். கதவுக்கு வெளியே ஸ்டூலில் ஜாபர் அலி இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இவன் ஏன் இப்படி ஆயிட்டான்? எனக்குக் காரணம் வேணும். சனிக்கிழமைக்குள்ள எழுத்து மூலமா ஒரு ரிப்போர்ட் குடுங்க. ஞாயித்துக்கிழமையும் இப்படியே ஆடினான்னா ஒப்பந்தம் போட்ட அவனும் போகணும், சாட்சி போட்டவரும்…"

மானேஜர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வலது இழுப்பறையைக் கொஞ்சமாகத் திறந்து மூடினார். கோதண்டபாணிக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து அவர் விசாரிக்க ஆரம்பித்தார். முதலில் மேஸ்திரியிடம் போனார். கோவிந்தசாமி மண் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ரிப்போர்ட் வேறயாங்க? தெனம் எட்டு மணி நேரம் மண்ணு மிதிச்ச காலு. நீங்க அதைத் தூக்கி ஃபேனுக்கு அடியில வெச்சுட்டீங்க. எருமையைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு ஏன் பால் கறக்கலன்னா?"

"எருமை வேற, இவன் வேற மேஸ்திரி."

"நான் எங்க ஒண்ணுன்னு சொன்னேன்? எருமையா இருந்தா எழுந்திரிச்சுப் போயிருக்கும்."

ஸ்டோர் கீப்பர் பழமலைக்கு வேறு கருத்து இருந்தது. பழமலை இருபது வருஷமாகப் பர்மனென்ட். மேஜை மேல் கால் நீட்டியபடியே சொன்னார்:

"பர்மனென்ட்னா அப்படித்தான் சார். நான் டெம்பரவரியா இருந்தப்ப நீங்க சீட்டு நீட்டறதுக்கு முந்தி சாமான எடுத்து வெப்பேன். இப்ப சாமான் எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. சாமானுக்குத்தான் என்னை எங்க தேடணும்னு தெரியும்."

இதையெல்லாம் கோதண்டபாணி குறித்துக்கொண்டார். வீட்டில் சோறு போடும்போது மனைவி ஆதிலட்சுமி கேட்டாள்:

"என்னாங்க அது, சாப்பிடறப்பகூட எழுதிக்கிட்டு?"

"ஒரு ஆளு, கையெழுத்துப் போடற வரைக்கும் நல்லா இருந்தவன், போட்டப்புறம் ஏன் ஒண்ணுக்கும் ஒதவாமப் போயிடறான்? அதுக்குக் காரணம் கேக்கறாரு மானேஜரு."

ஆதிலட்சுமி ரசத்தைக் கலக்கி ஊற்றினாள். "கல்யாணத்துக்கு முந்தி எங்க வேப்பூருக்கு வாரத்துக்கு ரெண்டு லெட்டர் போட்டீங்களே, ஞாபகம் இருக்குதா? நிலா அது இதுன்னு. தாலி கட்டின மறுநாளோட நின்னு போச்சு. அதுக்கு மொதல்ல காரணம் கண்டுபுடிங்க. இதுக்கும் அதுவே சரியாத்தான் இருக்கும்."

"இப்பத்தான் ஒரே வூட்ல இருக்கோமே. அப்புறம் எதுக்கு லெட்டரு?"

"அதைத்தான் அந்தப் பையனும் சொல்லுவான். இப்பத்தான் கம்பெனிக்குள்ளயே இருக்கேனே, அப்புறம் எதுக்கு கோலு?"

கோதண்டபாணி அதையும் எழுதிக்கொண்டார், பெயர் போடாமல்.

ஆனால் எழுத எழுத அவருக்கே ஏதோ இடித்தது. போன ஞாயிறு ஆட்டத்தை அவர் வேலியோரம் நின்று பார்த்திருந்தார். சோம்பேறி ஆடுகிற ஆட்டமில்லை அது. ஜாபர் அலி பந்துக்குப் பின்னால் நன்றாகத்தான் ஓடினான். எதிர் ஆள் நெருங்கியதும், கல்யாணப் பந்தியில் பெரியவருக்கு வழி விடுகிறவன் போல ஒதுங்கி நின்றான். கோல் வாசலில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. பந்து அதன் நடுவில் கிடந்தது. அவன் அந்தக் குட்டையைச் சுற்றி வந்து, கரையிலிருந்து பந்தை ஏக்கமாகப் பார்த்தான். ஏக்கம்தான். அதில் சந்தேகமில்லை. கொழுப்பெடுத்தவன் அப்படிப் பார்க்கமாட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆலடி ரோட்டில் இருந்த ஜாபர் அலியின் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தது அவனுடைய அம்மா ஜைத்தூன் பீவி. "வாங்க தம்பி, உள்ள வாங்க. அவன் எந்திரிக்க முடியாது, எண்ண போட்டிருக்குது."

ஜாபர் அலி பாயில் உட்கார்ந்திருந்தான். நீட்டிய இரண்டு காலுக்கும் அடியில் மடித்த கம்பளி. முழங்கால் முதல் பாதம் வரை தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது. பக்கத்தில் சுவரில் ஒரு குடை சாய்ந்திருந்தது. கோதண்டபாணியைப் பார்த்ததும் எழப் பார்த்தான். எண்ணெய் பாயில் படுமே என்று தயங்கினான்.

"உக்காரு, உக்காரு. அடியா?"

"இல்லீங்க சார். மாசத்துக்கு ஒருவாட்டி எண்ண போடணும்னு இருக்குது. நான் வாரத்துக்கு ஒருவாட்டியே போட்டுடறேன்."

"யாரு போடச் சொன்னது? டாக்டரா?"

ஜாபர் அலி அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "நீங்கதான் சார்."

ஜைத்தூன் பீவி அலமாரியிலிருந்து ஒரு பச்சைத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒப்பந்தப் பத்திரம். கோதண்டபாணி வாங்கிப் படித்தார். தான் டைப் அடித்ததை அவர் முதன்முதலாக அன்றுதான் படித்தார் என்று சொல்லவேண்டும்.

'நான்கு: மேற்படி கால்களைப் பெற்றுக்கொண்டவர் அவற்றை மோதல், உராய்வு, மழை, சேறு ஆகியவற்றிலிருந்து பாதுகாத்து வர வேண்டியது. ஐந்து: மாதம் ஒரு முறை தவறாது எண்ணெய் போட வேண்டியது. ஆறு: மேற்படி கால்களைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துச் செல்லலாகாது, அந்நியருக்கு இரவல் தரலாகாது. ஏழு: பெற்றபோது இருந்த அதே நிலையில் அவற்றைக் கம்பெனி ஸ்டோரில் திருப்பி ஒப்படைத்து ரசீது பெறும் வரை, சேதம் எதற்கும் பெற்றவரே பொறுப்பாளி.'

கோதண்டபாணிக்கு வியர்த்தது. ஜைத்தூன் பீவி விசிறியை எடுத்துக் கொடுத்தாள்.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். சொந்த உபயோகம் கூடாதுன்னு போட்டிருக்குது. இவன் பள்ளிவாசலுக்கு நடந்து போறானே, அது கணக்குல வருமா? நான்தான் சொன்னேன், அது அல்லாவோட வேலை, சொந்த வேலை ஆகாதுன்னு. கடைக்கு நானேதான் போயிட்டு வரேன்."

"ஜாபரு," கோதண்டபாணி பத்திரத்திலிருந்து நிமிர்ந்தார். "இதனாலதானா நீ மோதாம ஆடறே?"

"பின்ன என்னங்க சார்? முந்தி என் காலு. ஒடஞ்சா எனக்குத்தான் நட்டம்னு மோதுனேன். இப்ப கம்பெனி காலு. அமானிதம். அடுத்தவங்க நம்மள நம்பிக் குடுத்து வெச்ச பொருள்ல ஒரு கீறல் விழுந்தாலும் நாளைக்கு நான்தான பதில் சொல்லணும்?" அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். யாரோ பெரிய மனிதருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்தான். "பந்தைப் பாத்தா ஒடம்பெல்லாம் பதறுது சார். என்ன பண்றது, கையெழுத்துப் போட்டுட்டனே."

"அட, அது சும்மா ஒரு வாசகம்பா. அதையெல்லாம் யாரு பாக்கறா?"

ஜைத்தூன் பீவியின் முகம் மாறியது. "சும்மாவா தம்பி? சாட்சிக் கையெழுத்து நீங்கதான போட்டிருக்கீங்க?"

கோதண்டபாணி கணக்குப் போட்டுப் பார்த்தார். புதுப் பத்திரம் எழுதலாம். அதற்கு மானேஜர் கையெழுத்து வேண்டும். ஏன் புதிது என்று மானேஜர் கேட்பார். பழையதை வாங்கிப் படிப்பார். சைக்கிள் பத்திரத்தைப் பார்த்துத்தான் கம்பெனியின் நட்சத்திர ஆட்டக்காரனை எழுதினேன் என்று சொல்லவேண்டி வரும். அந்தப் பிரம்பு நாற்காலி அவர் கண்முன் ஒரு முறை வந்து போனது. மறுபடி ஏழாவது வாசகத்தைப் படித்தார். அதில் ஒரு வழி இருந்தது.

"ஜாபரு, திருப்பி ஒப்படைச்சுட்டா பொறுப்பு முடிஞ்சு போச்சுன்னு போட்டிருக்குது பாரு. சனிக்கிழமை சாயங்காலம் காலை ஸ்டோர்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிடு. ஞாயித்துக்கிழமை உன் சொந்தக் கால்ல ஆடு. திங்கக்கிழமை காலைல மறுபடி வாங்கிக்க."

ஜாபர் அலி இதை மெல்ல யோசித்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை ஒரு நாளு என் காலை நான் ஒடைச்சுக்கலாமா சார்?"

"உன் காலு. உன் இஷ்டம்."

வெள்ளிக்கிழமை முழுக்கக் கோதண்டபாணி ரிப்போர்ட் எழுதினார். உண்மைக் காரணம் ஒரே வரிதான். அதை எழுத முடியாது. எனவே நான்கு பக்கம் எழுதவேண்டி வந்தது. மேஸ்திரியின் எருமை, பழமலையின் சாமான், பெயரில்லாத ஒரு குடும்பப் பெண் சொன்ன கடிதங்கள் எல்லாம் அதில் வந்தன. 'பெறும் வரை மனிதன் ஓடுகிறான். பெற்றதும் உட்கார்ந்துவிடுகிறான்' என்று முடிவுரையில் எழுதினார். 'ஆகவே எந்த ஊழியருக்கும் நிரந்தரம் என்பது கண்ணில் படும் தூரத்தில் இருக்கவேண்டுமேயன்றிக் கையில் இருக்கக் கூடாது என்பது அடியேனின் தாழ்மையான கருத்து.' எழுதி முடித்துப் படித்தபோது அவருக்கே அது உண்மையாகப் பட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது.

மானேஜர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "பிரமாதம் கோதண்டபாணி. இத்தனை நாளா இந்த மூளைய எங்க வெச்சிருந்தீங்க?" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜாபர் அலி ஸ்டோர் கவுண்ட்டர் முன்னால் போய் நின்றான். பழமலை பத்திரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலை ஒப்படைக்கறியா? ரெண்டையுமா?"

"ஆமாங்க."

"எங்க வெச்சுட்டுப் போவே?"

கோதண்டபாணி பின்னாலிருந்து, "பழமலை, வாய மூடிக்கிட்டு ரசீது போடுங்க" என்றார்.

பழமலை இருபது வருஷத்தில் முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்து வந்து, சாமானைக் குனிந்து பார்த்தார். முழங்காலைத் தட்டினார். "துரு இல்ல. பெல்லுதான் காணோம்" என்றார். ரசீதில், 'கால்கள் 2. நல்ல நிலையில் பெறப்பட்டன' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ஜாபர் அலி அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போகும்போது வாசல் படியில் வேண்டுமென்றே காலை ஓங்கி ஒரு இடி இடித்துப் பார்த்துக்கொண்டான். வலித்திருக்கவேண்டும். சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பைனல். பஸ்ஸிலும் சைக்கிளிலும் கம்மாபுரத்திலிருந்துகூட ஜனம் வந்திருந்தது. பாண்டிச்சேரி டீமுக்குப் பூட்ஸ் இருந்தது. ஜாபர் அலிக்கு அவனுடைய கால் இருந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் அவன் மூன்று பேரை இடித்துத் தள்ளினான். இரண்டு முறை தானே போய்ச் சேற்றில் விழுந்தான். எழுந்தபோது முழங்காலில் ரத்தம் வழிந்தது. அதை அவன் குனிந்து பார்த்துத் தடவிக்கொண்டது, தொலைந்து போன ஆட்டைக் கண்டுபிடித்தவன் தடவிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. வேலியோரம் ஜைத்தூன் பீவி முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள்.

முதல் கோல் தலையால் போட்டான். "தலை ஒப்பந்தத்திலேயே இல்லையே, இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்று கோதண்டபாணி மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டாவது, கம்பத்தோடு சேர்ந்து மோதிப் போட்டது. மூன்றாவது கோலை அவன் எப்படிப் போட்டான் என்று யாருக்கும் தெரியாது. சேற்றுக் குட்டையில் ஏழெட்டுப் பேர் குவிந்து கிடந்தார்கள். அடியிலிருந்து பந்து மட்டும் உருண்டு உள்ளே போனது. கடைசியாக எழுந்தது ஜாபர் அலி. வலது பெருவிரல் நகம் போயிருந்தது. மூன்றுக்கு ஒன்று.

மானேஜர் ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு அம்பாசடரில் மாமனார் வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை கோதண்டபாணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் வந்தார். காலி நாற்காலியின் மெத்தையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி வைத்தார். மானேஜர் அறை வாசலில் ஜாபர் அலி ரசீதோடு நின்றுகொண்டிருந்தான், உட்காரவில்லை.

"சார், காலை மறுபடி வாங்கிக்கணும். ஒரே ஒரு பயம். குடுக்கறப்ப நகம் இருந்துச்சு. இப்ப ஒரு நகம் இல்ல. கம்பெனி ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும், ஒத்துக்கும். இரு, உள்ள போயிட்டு வரேன்."

உள்ளே மானேஜர் மேஜை மேல் ஸ்டோரிலிருந்து வழக்கமாக வருகிற சனிக்கிழமை வரவுப் பட்டியல் விரிந்து கிடந்தது. அதில் ஓரிடத்தில் அவர் விரலை வைத்திருந்தார். கோதண்டபாணி தலைகீழாகவே அதைப் படித்துவிட்டார்.

"கால்கள் ரெண்டு, நல்ல நிலையில்!" மானேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன ஆளுய்யா நீங்க! நான் வெறும் ரிப்போர்ட்னு நெனைச்சேன். நீங்க அதைச் செஞ்சே காட்டிட்டீங்க. மேட்ச்சுக்கு மொத நாள் காலுன்னு கிண்டலா ரசீது போட்டு, ஒப்பந்தத்தைத் திருப்பி வாங்கி, பயலைத் தெருவுல நிறுத்திட்டீங்க. மறுநாள் மூணு கோல்! பெறும் வரைதான் மனிதன் ஓடுகிறான். எங்க மாமனாரே எழுதி வெச்சுக்கிட்டார்."

"அது வந்துங்க…"

"இனிமே அவனுக்கு ஒப்பந்தம் கிடையாது. திருப்பிக் குடுத்தாச்சு, ரசீதும் இருக்குது, சட்டப்படி முடிஞ்சு போச்சு. பழையபடி கேட்டுல நிக்கட்டும். கோவிந்தசாமி தொடட்டும். வருஷா வருஷம் ஷீல்டு நமக்குத்தான்."

கோதண்டபாணி கதவைப் பார்த்தார். இடுக்கு வழியாக ஜாபர் அலியின் பாதம் தெரிந்தது. பெருவிரலில் சுத்தமான வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. இப்போது சொல்லிவிடலாம். சைக்கிள் பத்திரம், நான்காவது வாசகம், எண்ணெய் எல்லாம். சொன்னால் பையனுக்கு வேலை மிஞ்சும். அவர் வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து மானேஜர் வலது இழுப்பறையைத் திறந்து ஆர்டரை எடுத்து மேஜை மேல் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கோதண்டபாணி வாயை மூடிக்கொண்டார்.

மானேஜர் பேனாவைத் தாளின் மேல் பிடித்தபடியே ஒரு கணம் நின்றார். எதையோ நினைத்துக்கொண்டவர் போல நிமிர்ந்து கோதண்டபாணியைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான அன்பு இருந்தது.

"நாலு மாசமா ரெண்டு ஆள் வேலை பாக்கறீங்க. ஒரு தப்பு இல்ல. இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட்ட பர்மனென்ட் ஹெட் கிளார்க் எவனாவது எழுதுவானா? கையெழுத்துப் போட்டு உங்கள நானே கெடுக்க மாட்டேன் கோதண்டபாணி. இது இங்கயே இருக்கட்டும். உங்க கண்ணுல படற தூரத்துல."

பேனாவை மூடினார். இழுப்பறையையும் மூடினார்.

வெளியே வந்தபோது ஜாபர் அலி கேட்டான்: "நகத்துக்கு என்ன சொன்னாங்க சார்?"

"நகம் பிரச்சினை இல்ல ஜாபரு" என்றார் கோதண்டபாணி. மீதியைச் சொல்ல அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அதிலும் தன்னுடைய பங்கைச் சொல்லவில்லை. ஜாபர் அலி கோபப்படவில்லை. பொருள் கொடுத்தவர்கள், திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதில் அவனுக்கு நியாயம் தெரிந்தது. "நல்ல நிலையில குடுத்தேன்னு ரசீது இருக்குது சார், அது போதும்" என்றான். குடையை எடுத்துக்கொண்டு நொண்டியபடி போனான்.

இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடி வந்தான். கையில் பிரெஞ்சும் தமிழுமாக அச்சடித்த ஒரு தாள் இருந்தது. பாண்டிச்சேரியின் வெள்ளை பேண்ட்காரர் கொடுத்தது.

"இதுல காலைப் பத்தி எங்கயாச்சும் எழுதியிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க சார். நீங்கதான் இதெல்லாம் தெரிஞ்சவங்க."

கோதண்டபாணி இரண்டு முறை படித்தார். ஊர், பெயர், வேலை, சம்பளம், ஞாயிறு ஆட்டம். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இல்ல. தைரியமாப் போடு."

மறு வருஷ பைனலில் பாண்டிச்சேரி மில் டீம் நான்குக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. நான்கும் ஜாபர் அலி போட்டது. ஒப்பந்தத்தில் இருக்கிறவன் ஆடுகிற ஆட்டமா இது என்று ஊரே வாயைப் பிளந்தது. ஜங்ஷன் டீக்கடைக்கும் பாலக்கரைக்கும் கடைவீதிக்கும் இதற்கும் காரணம் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை மானேஜர் மணியடித்தார். ஷீல்டு இருந்த இடத்தில் சுவரில் ஒரு வெளிறிய வட்டம் தெரிந்தது.

"நம்மகிட்ட ஒப்பந்தம் போட்டா ஆடல. அவங்ககிட்ட போட்டா ஆடறான். எனக்குக் காரணம் வேணும் கோதண்டபாணி. சனிக்கிழமைக்குள்ள."

கோதண்டபாணி வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் அந்த வாரத்துக் கடிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார், வேறு இடமில்லை. முழு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, ஓரம் மடித்து, மேலே தேதி போட்டார். அவருடைய கையெழுத்து முன்னைவிட அழகாகியிருந்தது. ஆபீசில் எல்லோரும் அதைச் சொன்னார்கள்.